சட்டை கீறும் பிள்ளைக்கு எந்தக் கதை?

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்தவர்களில் இருந்து தரம் 8 படிப்பவர்கள் வரை. முதலில் நான் வாசிப்பேன், பிறகு அவர்கள் வாசிக்க நான் கேட்பேன். என் அக்காவின் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. 11 வயது. அவளுடைய கணிதக் கொப்பியைப் பின்பக்கமிருந்து திருப்பினால் முழுக்கச் சட்டைதான். கழுத்து வெட்டு, கை, மடிப்பு வைத்த பாவாடை, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டு என்ன நிறம் என்று எழுதியிருப்பாள். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் கேட்டாள்: "சித்தி, சட்டை கீறுற பிள்ளையைப் பற்றின கதை ஒண்டும் இல்லையோ?"

ஆங்கிலத்தில் இருக்கிறது. எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட வாசகருக்கென்று அங்கே ஒரு தனி வகையே உண்டு. அதற்குள் ஆடை வடிவமைப்பாளராக ஆசைப்படும் சிறுமியின் கதை அடிக்கடி வருவது. அவள் கையில் கொடுக்கத் தமிழில், அதுவும் நம் ஊர் மணத்தோடு, ஒன்று எனக்கு அகப்படவில்லை. நானே எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன நாளில் இருந்து என் கொப்பியில் மூன்று திட்டங்கள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. பிள்ளைகளுக்கு எழுதும் மற்றவர்களுக்கும் உதவலாம் என்று, அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. இந்த வகைக் கதையின் நாயகி வாசிக்கும் பிள்ளையை விட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பது வழக்கம். பிள்ளைகள் தங்களுக்கு முன்னால் நடப்பவளைத்தான் பார்க்க விரும்புவார்கள், பின்னால் வருபவளை அல்ல. என் நாயகி தரம் 7. அந்த இடத்தை யோசித்துத்தான் தெரிந்தெடுத்தேன். நம் நாட்டில் ஒரு பிள்ளைக்கு 10 வயது முழுவதையும் புலமைப்பரிசில் விழுங்கிவிடும். 15 வயதுக்குப் பிறகு சாதாரண தரப் பரீட்சை. இடையில் கிடைக்கிற அந்த மூன்று நான்கு வருடத்தில்தான் ஒரு பிள்ளை தனக்குப் பிடித்ததை ரியூசன் மணி பார்க்காமல் செய்துபார்க்கலாம். அந்த இடைவெளியிலேயே கதை நடக்கவேண்டும்.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. இந்த வயதுக் கதையில் பெரியவர்கள் வந்து பிள்ளையைக் காப்பாற்றக் கூடாது. அவர்கள் அன்பாக இருக்கலாம், திட்டலாம், சோறு போடலாம். கத்தரிக்கோல் பிள்ளையின் கையில்தான் இருக்கவேண்டும். மூன்று திட்டங்களையும் நான் அளந்தது இந்த ஒரு நாடாவால்.

முதல் திட்டம் போட்டிக் கதை. நாயகிக்குத் தையல் பிடிக்கும். ஒரு போட்டி வருகிறது. எதிராளி ஒருத்தி இருக்கிறாள். கடைசி நாள் மேடை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த உருவத்தைத்தான் பார்க்கிறேன். எழுதுகிறவருக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது. நாள் குறித்தாயிற்று என்றால் கதை தானாக ஓடும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் "இன்னும் எட்டு நாள்" என்று எண்ணிக்கொண்டு போகலாம். சனிக்கிழமைப் பிள்ளைகளிடம் மூன்று திட்டத்தையும் சுருக்கமாகச் சொன்னபோது உடனே கை உயர்ந்ததும் இதற்குத்தான்.

சிக்கல் என்னவென்றால், 12 வயதுப் பிள்ளைக்கான ஆடை வடிவமைப்புப் போட்டி நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி அல்ல. அதை இங்கே கொண்டுவந்து நட்டால் கதை முழுவதும் இரவல் சட்டை போட்டதுபோல இருக்கும். சரி, நம்மிடம் இருக்கிற போட்டி எது என்று யோசித்தேன். பாடசாலைப் பிள்ளைகள் இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டி! யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கும். ஓட்டம், பாய்தல் எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் இல்ல அலங்காரம், அணிநடை, உடற்பயிற்சிக் கண்காட்சி. மைதானத்தின் நான்கு மூலையிலும் பிள்ளைகள் மூங்கிலும் தென்னோலையும் கடதாசியும் துணியுமாக மாளிகை எழுப்புவார்கள். இல்லத்தின் நிறத்தில் ரிப்பன், பாவாடை, தொப்பி. அதற்காக நடக்கும் சண்டையும் சமாதானமும் பெரியவர்களின் தேர்தலுக்குக் குறைந்தவை அல்ல.

அங்கே நாயகிக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. உடற்பயிற்சிக்கு நிற்கும் 24 பிள்ளைகளுக்கும் குடைபோல விரிகிற பாவாடை வேண்டும். அப்படிப்பட்ட பாவாடையை வெட்ட, துணியின் நடுவில் இடுப்புக்கு ஒரு வட்டம் விழவேண்டும். எவ்வளவு பெரிய வட்டம்? இடுப்புச் சுற்றளவு 22 அங்குலம் என்றால் அந்த வட்டத்தின் ஆரை மூன்றரை அங்குலம். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய இரண்டு பை ஆர், பை என்பது 22இன் கீழ் 7, இங்கே அச்சொட்டாகப் பொருந்தும். தையலுக்கு விடும் அரை அங்குலத்தை மறந்து வட்டத்தை அப்படியே வெட்டினால், தைத்து முடிய இடுப்பு மூன்று அங்குலம் பெரிதாகிவிடும். 24 பாவாடையும் வழுகும். கணிதக் கொப்பியின் பின்பக்கம் முன்பக்கத்தோடு சேரும் அந்த அத்தியாயத்தை எழுத எனக்குக் கை துடித்தது. அதோடு ஒரு சின்னச் சங்கடமும் வரும்: பள்ளிக்கூடத்து அடிமட்டம் சென்ரிமீற்றர், தையற்கடை நாடா அங்குலம். 22 அங்குலம் என்பது கிட்டத்தட்ட 56 சென்ரிமீற்றர் என்று மாற்றத் தெரியாமல் எத்தனை துணி வீணாகும்!

ஆனாலும் இந்தத் திட்டத்தில் ஒரு குறை எனக்குப் போகவே இல்லை. வெற்றியை முடிவு செய்பவர் நடுவர். துணி ஒரு பின்னேரம் மைதானத்தில் சுழலும், பிறகு மடித்து அலுமாரிக்குள் போகும். அதைப் போட்டவள் எப்படி உணர்ந்தாள் என்ற கேள்வி கதைக்குள் வர இடமே இல்லை. புள்ளி வந்ததா என்பதுதான் கேள்வி. வடிவமைப்பு என்றால் மேடையில் கைதட்டல் வாங்குவது என்று என் பெறாமகளுக்கு நான் சொல்லிக் கொடுக்க விரும்பவில்லை. அது ஏற்கெனவே அவள் தொலைபேசியில் பார்க்கிற காணொளிகள் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

இரண்டாவது திட்டம் என் மனதுக்கு மிகக் கிட்ட இருப்பது. அதனாலேயே அதைப் பற்றிக் கவனமாகப் பேசவேண்டும்.

அது பொருளாதாரத் தடைக்காலக் கதை. 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீளமானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் படித்தோம். சைக்கிளைக் குத்தி நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒன்று மட்டும் எதற்கும் காத்திருக்காமல் ஓடியது. அம்மாவின் கால்மெசின். மின்சாரம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. அந்தக் கறுப்பு மெசின் சீதனமாகவும் முதுசமாகவும் பல வீட்டுக்குள் புகுந்திருந்தது. எங்கள் வீட்டு மெசின் அம்மம்மாவுடையது. புதுத்துணி அருமையாக இருந்ததால் அம்மா பெரிய சேலையைப் பாவாடை ஆக்குவார், பாவாடையைத் தங்கச்சிக்குச் சட்டை ஆக்குவார், சட்டை கிழிந்தால் தலையணை உறை. ஒரு துணி எங்கள் வீட்டில் மூன்று பிறவி எடுக்கும். இல்லாததில் இருந்து உருவாக்கும் அந்த வித்தையை விடப் பெரிய வடிவமைப்புப் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

பிறகு 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் எழும்பி நடந்த நாள். எனக்கு அப்போது 12 வயது, என் நாயகியின் வயது. அம்மா திருகாணியைக் கழற்றி, மெசினின் தலையை மட்டும் எடுத்து, பழைய சேலையால் சுற்றி, அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டினார். பத்துப் பன்னிரண்டு கிலோ இரும்பு. அரிசி மூட்டையை விட்டுவிட்டு அதைக் கட்டியதற்கு வழி முழுக்க அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நின்ற மணித்தியாலங்களில் நான் அந்தச் சேலைப் பொதியில் கை வைத்தபடி நின்றேன். கொடிகாமத்தில் தங்கிய வீட்டில் ஒரு மேசையில் ஓட்டை போட்டு அந்தத் தலையைப் பூட்டி, கையால் சில்லைச் சுற்றி அம்மா தைத்தார். அரிசி அதில் இருந்துதான் வந்தது. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் மெசினின் கால் மட்டும் அதே இடத்தில் துருப்பிடித்து நின்றது. பலகையைக் காணோம்.

இதைக் கதையாக எழுதினால் பெரியவர்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளும் கேட்பார்கள். போரைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுவதை விட, ஒழுங்காக ஒரு கதையில் கேட்பது அவர்களுக்கு நல்லது. என் தயக்கம் வேறு. இந்தத் திட்டத்தில் தையல் பின்னுக்குப் போய்விடுகிறது. நாயகிக்கு என்ன பிடிக்கும், கழுத்து வெட்டு வட்டமா சதுரமா என்று அவள் எப்படி முடிவெடுத்தாள் என்பதெல்லாம் அந்த இரவுக்கு முன்னால் சின்னதாகிவிடும். நியாயமும் அதுதான். 2009இல் வன்னியில் பட்டுச் சேலைகளைக்கூடப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழிக்கு மேல் அடுக்கினார்கள். அந்தத் தையலை ஆடை ஆசைக் கதை ஒன்றுக்குப் பின்திரையாகத் தொங்கவிட என் கை வராது. அதற்கென்று ஒரு புத்தகம் வேண்டும், அதை அந்த மண்ணில் நின்றவர்கள் எழுதவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. என் பெறாமகள் கேட்டது தன்னைப் பற்றிய கதை. நான் கொடுக்கப் போனது என்னைப் பற்றிய கதை. இரண்டாவது திட்டத்தை முழு மனதோடு எழுதி வைத்திருக்கிறேன், பதினேழு பக்கம். அதைக் கிழிக்கப் போவதில்லை. இந்தப் புத்தகத்துக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

இடையில் ஒரு நண்பி சொன்ன நான்காவது வழியையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் இருக்கும் மச்சாள் பார்சலில் உடுப்பு அனுப்புகிறாள், இருவரும் காணொளி அழைப்பில் சேர்ந்து வடிவமைக்கிறார்கள், கடைசியில் விமானச் சீட்டு வருகிறது. நான் இதை அதிக நேரம் யோசிக்கவில்லை. பிள்ளையின் ஆசைக்குப் பதில் எப்போதும் விமானத்தில்தான் வரும் என்று எழுத நான் தயாரில்லை. பார்சலில் வந்த, தோளில் பொருந்தாத உடுப்பு மட்டும் எனக்குப் பிடித்தது. அதை எடுத்து மூன்றாவது திட்டத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது திட்டம் ஒரு தையற்கடை. சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட, ரயில் போகும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் தெறிகள் கிலுகிலுக்கும் ஒரு சின்னக் கடை. மாமா நடத்துகிறார். நாயகி பள்ளிக்கூடம் விட்டு அங்கே வந்துதான் அம்மா வேலை முடித்து வரும்வரை இருப்பாள். நூல் கோர்ப்பாள், தெறி பிடுங்குவாள், வெட்டுத்துணி பொறுக்குவாள். தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. எனக்கும் இது மெத்தனமான கதையாகத்தான் தெரிந்தது. சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருவருமே இதற்குக் கை தூக்கவில்லை.

பிறகு சீருடைக் காலத்தை யோசித்தேன். 1993இல் இருந்து அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. எல்லோருக்கும் அதே வெள்ளை. பாடசாலை தொடங்குவதற்கு முன்வரும் வாரங்களில் அந்தத் துணிகளெல்லாம் தையற்கடை மேசையில் மலைபோலக் குவியும். நாயகி அந்தக் குவியலுக்கு முன் கொப்பியோடு உட்கார்ந்து மாமா சொல்லச் சொல்ல அளவு எழுதுகிறாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று பிடிபடுகிறது: துணி ஒன்று, நிறம் ஒன்று, வெட்டு ஒன்று, ஆனால் எந்த இரண்டு பிள்ளையின் அளவும் ஒன்றில்லை. ஒருத்திக்கு ஒரு தோள் மற்றதை விடத் தாழ்வு. ஒருத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள், அவளுக்கு முன்பக்கத்து நீளமும் பின்பக்கத்து நீளமும் வேறாக இருக்கவேண்டும். மாமா அதை யாரும் கேட்காமலே மாற்றி வெட்டுகிறார். இதைக் கண்டபிறகு நாயகி கீறும் படங்கள் மாறும். அதுவரை கொப்பியில் இருந்த ஒல்லிக் கழுத்துப் பொம்மைகள் போய், தெரிந்த முகங்கள் வரத் தொடங்கும். இந்த மாற்றத்தைக் கீறிக் காட்டவும் முடியும். புத்தகத்தில் படம் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

அதோடு துணி பற்றித் தெரியவேண்டிய எல்லாம் ஒரு கடைக்குள் இயல்பாக வந்துவிடும். பாவு எது, ஊடை எது, மூலைக்குறுக்காக வெட்டினால் அதே துணி ஏன் இழுபடுகிறது, பருத்தியை வெட்டுமுன் ஏன் நனைத்துக் காயப்போடவேண்டும், பழைய பத்திரிகைத் தாளில் முதலில் வெட்டிப் பார்ப்பது ஏன். பாடம் எடுப்பதுபோல எழுதத் தேவையில்லை. மாமா திட்டுகிற திட்டிலேயே எல்லாம் வரும்: "நனைக்காமல் வெட்டிப்போட்டாய் என்ன? உது ஒரு தோய்ச்சலோட தங்கச்சிக்குத்தான் காணும்."

இந்தத் திட்டத்துக்கு முதுகெலும்பு கிடைத்தது சாமத்தியவீட்டில் இருந்து, பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சடங்கில் இருந்து. ஆடை பற்றி இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவர் இந்தச் சடங்கைச் சுற்றிப் போகமுடியாது. ஒரு பிள்ளைக்கு நாங்கள் மிக அதிகமாக உடுத்திப் பார்ப்பது அன்றைக்கு. அவளிடம் மிகக் குறைவாகக் கேட்பதும் அன்றைக்கு. நாலைந்து உடுப்பு மாற்றம், நகை, தலை அலங்காரம், காணொளி, அல்பம். எங்கள் சொந்தத்தில் நடந்த ஒரு சாமத்தியவீட்டில், வாடகைக்கு எடுத்த கல்வேலைச் சட்டை ஒன்றைப் போட்ட பிள்ளை, கையைத் தூக்க முடியாததால் தாயார் ஊட்டிவிடச் சாப்பிட்டதை நான் கண்டேன். எல்லோருக்கும் அது வடிவான காட்சியாகத் தெரிந்தது, படமும் எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சட்டையைக் கதைக்குள் கொண்டுவந்தேன். மாமாவின் மகளுக்கு, நாயகியின் மச்சாளுக்கு, சாமத்தியவீடு. வாடகைச் சட்டை வருகிறது. தையற்காரரின் மகளுக்கே வாடகைச் சட்டையா என்று மாமாவுக்கு உள்ளே வலி, ஆனால் மாமியின் ஆசையை மறுக்க மனம் வரவில்லை. மச்சாள் இரவில் நாயகியிடம் மெல்லச் சொல்கிறாள்: "எடியே, இதுக்குள்ள எனக்குக் கை எழும்புதில்லை." நாயகி யோசிக்கிறாள். கைக்குழி சின்னது, அதனால்தான் இறுக்குகிறது. கொஞ்சம் கீழே வெட்டிவிட்டால் சரி. யாருக்கும் சொல்லாமல் வெட்டுகிறாள்.

தையல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைப்பார்கள். கைக்குழியை ஆழமாக்கினால் கை இன்னும் தூக்க முடியாமல் போகும். குழி கீழே போகப் போக, கையை உயர்த்தும்போது சட்டையின் உடம்பு முழுவதும் அதோடு சேர்ந்து மேலே இழுபடும். கை சுகமாக உயர வேண்டுமென்றால் குழி அக்குளுக்குக் கிட்ட, மேலே இருக்கவேண்டும். தேவைப்பட்டால் அக்குளுக்குக் கீழே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கவேண்டும். நினைப்பதற்கு நேர்மாறான இந்த விசயத்தைத் தையல் பழகுகிறவர்கள் பலர் ஒரு சட்டையைப் பாழாக்கித்தான் கற்றிருப்பார்கள். நானும் அப்படித்தான். அன்பினால் செய்த வெட்டு, தப்பான வெட்டு, அதுவும் இரவல் உடுப்பில். 12 வயதில் ஒரு பிள்ளைக்கு வரக்கூடிய பெரிய பிழைதான் இது. இதை அவளே சொல்லவேண்டும், அவளே சரிக்கட்டவேண்டும்.

இந்தப் பிழை கிடைத்த பிறகு மற்ற இரண்டு திட்டமும் என் மனதில் பின்னுக்குப் போயின. போட்டிக் கதையில் பாவாடை வழுகினால் புள்ளி குறையும், ஒரு நாளில் மறந்துபோகும். தடைக்காலக் கதையில் பிள்ளை செய்யும் பிழைக்கு இடமே இல்லை. உலகம் செய்யும் கொடுமை அவ்வளவு பெரிது. கடைக் கதையில் பிழையும் அவளுடையது, திருத்தமும் அவளுடையது, நடுவில் அவளுக்குப் பிரியமான ஒருத்தியின் உடம்பு இருக்கிறது. நான் வைத்திருந்த நாடாவுக்கு இதுதான் சரியாக நிற்கிறது.

விட்டுக்கொடுக்க வேண்டியதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போட்டிக் கதையின் வேகம் இதில் வராது. முதல் மூன்று அத்தியாயத்தில் வாசகரைப் பிடித்து வைப்பது கடினம். அதனால் வாடகைச் சட்டையில் கத்தரிக்கோல் இறங்கும் கணத்தை முதல் பக்கத்திலேயே வைத்து, பிறகு மூன்று வாரம் பின்னே போகலாமா என்று பார்க்கிறேன். வட்டப் பாவாடைக் கணக்கை விட மனமில்லை. நாயகி தன் இல்லத்துப் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு அத்தியாயமாக அதைச் செருகலாம், வெற்றி தோல்வி சொல்லாமல். தடைக்காலத்தில் இருந்து ஒரே ஒரு பொருள் மட்டும் வரும். மாமாவின் கடை மூலையில் பலகை மாறின ஒரு பழைய கால்மெசின். கால் ஒரு நிறம், பலகை ஒரு நிறம். நாயகி ஏன் என்று கேட்பாள். மாமா ஒரு வரியில் பதில் சொல்வார். அதற்கு மேல் அறிய விரும்பும் பிள்ளை வீட்டில் போய் அம்மம்மாவிடம் கேட்கட்டும்.

ஆண்பிள்ளைகள் வாசிப்பார்களா என்று ஒரு ஆசிரியை கேட்டார். கடைக் கதைக்கு இதிலும் ஒரு அனுகூலம் இருக்கிறது. நம் ஊரில் சேட்டும் களிசானும் தைக்கும் கடைகளில் மெசினில் இருப்பவர் பெரும்பாலும் ஆண்தானே. மாமா தைப்பதைப் பார்த்து வளரும் பையன் ஒருவனும் கடையில் இருப்பான். தெறி தைப்பதில் நாயகியை விடக் கெட்டிக்காரன். சாமத்தியவீட்டை ஆண்பிள்ளைகளும் இருக்கும் கூட்டத்தில் எப்படி வாசிப்பது என்ற கேள்விதான் எனக்கு அதை விடப் பெரிது. உடம்பில் நடப்பதை ஒரு வசனத்தில் நேராகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஊர் முழுக்கப் பந்தல் போட்டு ஒலிபெருக்கி கட்டிக் கொண்டாடுகிற ஒன்றைப் பத்து வயதுப் பையனிடம் ஒளிக்கிறோம் என்று நினைப்பதில் பொருளில்லை.

மொழியில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. கதை சொல்வது எழுத்துத் தமிழில், ஆட்கள் பேசுவது எங்கள் பேச்சில். கொப்பி, தெறி, போத்தல், கீறுதல் எல்லாம் அப்படியே இருக்கும். மட்டக்களப்புப் பிள்ளையோ மதுரைப் பிள்ளையோ வாசித்தால் இரண்டு பக்கத்தில் பழகிவிடுவார்கள். நாங்கள் அவர்களுடைய சொற்களுக்கு அப்படித்தானே பழகினோம்.

பெரியவர்களுக்காக ஒரு விசயம் கதைக்குள் மெல்ல வைக்கிறேன். "தைச்சு என்ன செய்யப் போறாய்?" என்ற கேள்வி இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் நாளாந்தம் விழுகிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது, உளச்சார்புப் பரீட்சை வைத்து எடுக்கிறார்கள் என்பது எங்கள் பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஈனா டி சில்வா என்ற பெண்மணி பத்திக் துணிக்கலையில் இந்த நாட்டுக்கே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார். பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் விதானத்தில் அவருடைய பத்திக் இருந்தது. பிறகு மாத்தளை அளுவிகாரையில் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார். பாரிஸ் படம் ஒட்டுவதற்குப் பதிலாக நாயகியின் கொப்பி அட்டைக்குள் பத்திரிகையில் வெட்டிய அந்த விதானத்தின் படம் இருக்கும்.

இனி எழுதவேண்டியதுதான். ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் முதல் ஐந்து அத்தியாயத்தையும் வாசிகசாலையில் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். கடைசிக் காட்சி மட்டும் இப்போதே முடிந்துவிட்டது. வாடகைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய காசுக்காகச் சீருடைக் காலம் முழுக்க நாயகி தெறி தைத்து முடித்திருக்கிறாள். மாமாவும் அவளும் ஒரு இரவில் தைத்த பருத்திச் சட்டையை, சடங்கு முடிந்து பல நாளான பிறகும், மச்சாள் ஒரு சாதாரணப் பின்னேரம் போட்டுக்கொண்டு வருகிறாள். கடை வாசல் பலகையில் எட்டாத உயரத்தில் தொங்கும் அளவுநாடாவை எட்டி எடுத்து நாயகியின் கையில் கொடுக்கிறாள். சட்டையின் இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நாயகிக்குப் பெயர் வைக்கவில்லை. அதை வாற சனிக்கிழமை பிள்ளைகளிடம் கேட்கப் போகிறேன்.